வைசர்போனா, தனி செல்போனா?

கேள்வி: 11.02.2001, ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு வாசகர்

என்னிடம் ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் டீலக்ஸ் என்ற கையடக்க மின் நாட்குறிப்பு ஒரு வருடமாக இருக்கிறது. செல்போன் இன்னும் வாங்கவில்லை. வைசரின் முதுகில் செருகும் வைசர்போனை வாங்கினால் எல்லாம் ஒரே பொருளாகிவிடும் என்கிறார்கள். சின்னதாக ஒரு செல்போன் தனியாக வாங்கிக்கொள், வைசரை வைசராகவே விட்டுவிடு என்கிறார் ரூம்மேட். பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

12.02.2001

வைசர்போனையே வாங்குங்கள். நான் டிசம்பர் கடைசியில் வாங்கினேன். ஆறு வாரம் ஆகிறது, நன்றாகப் போகிறது.

முக்கியமான காரணம் முகவரிப் புத்தகம். என் வைசரில் 340 பெயர்கள் இருக்கின்றன. பெயரைத் தேடி, எண்ணைத் தொட்டால் அழைப்பு போய்விடுகிறது. யாராவது கூப்பிட்டால் எண்ணுக்குப் பதில் பெயர் வருகிறது. தனி செல்போனில் இந்த 340 பெயரையும் கட்டைவிரலால் மறுபடி ஏற்ற வேண்டும். 'எஸ்' என்ற ஒரு எழுத்துக்கு 7-ஐ நான்கு முறை அழுத்த வேண்டும். சுப்ரமணியங்கள் நிறைந்த குடும்பத்தில் இது எவ்வளவு வேலை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூன்று பேர் சேர்ந்து பேசுவது. சாதாரண போனில் எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இதில் திரையிலேயே பட்டன் இருக்கிறது. ஒருவரைக் கூப்பிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டு, சேர்த்துவிடலாம்.

மூன்றாவது, இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். 1999-ல் வைசர் வந்தபோதே அதன் முகப்பில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அது மைக். வைசரில் அந்த மைக்குக்கு ஒரு வேலையும் இல்லை. பின்னால் ஸ்பிரிங்போர்டு என்ற செருகு துளையில் ஒரு நாள் போன் வந்து உட்காரும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஜெஃப் ஹாகின்ஸ், டோனா டுபின்ஸ்கி, எட் காலிகன் மூவரும் பாம் என்ற கையடக்கக் கணினிக் கம்பெனியை விட்டு வந்து 1998-ல் ஹேண்ட்ஸ்பிரிங்கைத் தொடங்கியவர்கள். முதல் பாம் பைலட்டைச் செய்வதற்கு முன் ஹாகின்ஸ் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை. யாராவது சந்திக்கலாமா என்று கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பாராம். பொருளைச் செய்வதற்கு முன்பே அது பையில் எப்படி உட்காரும் என்று பார்த்த மனிதர். அவர் செய்த போன் என்பதால் எனக்கு நம்பிக்கை இருந்தது.

13.02.2001

விலையைப் பற்றி நேற்று ஒன்றும் சொல்லவில்லை. வைசர்போன் 299 டாலர். ஆனால் அது புதிதாக இணைப்பு எடுத்தால்தான். இணைப்பு இல்லாமல் மாட்யூல் மட்டும் என்றால் 499. வைசர் டீலக்ஸே வந்தபோது 249 டாலர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இது ஜிஎஸ்எம் என்ற செல்போன் முறையில், அதுவும் 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும். ஸ்பிரிண்ட், வெரைசான் கம்பெனிகள் சிடிஎம்ஏ முறை, ஏடி&டி டிடிஎம்ஏ. அவர்களுடைய இணைப்பு இதற்கு ஆகாது. கலிஃபோர்னியாவில் ஜிஎஸ்எம் இருக்கிறது, நமக்குப் பிரச்சினை இல்லை. வேறு மாநிலத்தில் இருக்கிறவர்கள் முதலில் ஊரில் ஜிஎஸ்எம் கிடைக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மாட்யூலைப் பாருங்கள்.

17.02.2001

டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாண நண்பருக்கு இதைப் பற்றி எழுதினேன். அவசரத்தில் 'வை' என்பதற்குப் பதில் 'வி' அடித்து, "விசர்போன் வாங்கிவிட்டேன்" என்று அனுப்பிவிட்டேன். அவர் உடனே கூப்பிட்டார். அவர்கள் ஊரில் விசர் என்றால் பைத்தியம். "போனுக்கு விசரோ, வாங்கின உமக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த அழைப்பு நடந்ததும் வைசர்போனில்தான். கனடாவிலிருந்து பேசுகிறார் என்றே தெரியாத அளவுக்குக் குரல் துல்லியம். அதையும் சொல்ல வேண்டும்.

20.02.2001

முதல் குறிப்பில் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது.

பெரிய வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். வாடகை விஷயமாக நேற்று ஒருவர் கூப்பிட்டார். "முகவரியை எழுதிக்கொள்" என்றார். எழுத வேண்டிய இடம் வைசர். வைசர் என் கன்னத்தில் இருக்கிறது. காதிலிருந்து எடுத்தால் எழுதலாம், அவர் சொல்வது கேட்காது. காதில் வைத்தால் கேட்கும், எழுத முடியாது. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று மூன்று முறை சொன்னேன். பாதி எண்ணைக் கேட்பது, எடுத்து எழுதுவது, மறுபடி காதில் வைப்பது. கடைசியில் ஒரு பேனாவைத் தேடி உள்ளங்கையில் எழுதினேன். 8 எம்பி நினைவகம் உள்ள பொருள் கையில் இருக்கும்போது உள்ளங்கையில் எழுதுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இதற்கு மாற்று பெட்டியிலேயே வருகிறது. ஹெட்செட். அதை மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே நாட்குறிப்பைத் திறக்கலாம், எழுதலாம், அழைப்பு அறுந்துபோகாது. வீட்டில் மேசைக்கு முன் உட்கார்ந்து செய்து பார்த்தேன், அருமை. ஆனால் அழைப்பு வரும்போது ஹெட்செட் பையில் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. பிரித்து, செருகி, காதில் மாட்டுவதற்குள் மணி ஓய்ந்துவிடுகிறது.

ஃப்ரீமான்ட் நண்பரே, இன்னும் வாங்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

21.02.2001

ஹெட்செட்டைக் கழுத்திலேயே தொங்க விட்டுக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் செய்து பார்த்தேன். ஆபீசில் மூன்று பேர் என்னிடம் பேச வந்து, நான் போனில் இருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். மதியம் கழற்றிவிட்டேன்.

04.03.2001

எடை. வைசர் தனியாக 150 கிராமுக்குச் சற்று அதிகம். மாட்யூல் சேர்ந்தால் கால் கிலோவை நெருங்குகிறது. சட்டைப்பையில் வைத்துக் குனிந்தால் விழுந்துவிடுமோ என்று கை தானாகப் போய்ப் பிடிக்கிறது. கால்சட்டைப் பையில் வைத்தால் உட்கார முடியவில்லை. பெல்ட்டில் மாட்டினால் ஒரு பக்கம் இழுக்கிறது. மரக்கட்டைக் கதையை நான்தான் பெருமையாகச் சொன்னேன். அந்தக் கட்டை அளவுக்கு வைசர் சரி. போனைச் செருகிய பிறகு அது வேறு கட்டை.

என் மனைவியிடம் நோக்கியா 8290 இருக்கிறது. 80 கிராம் கூட வராது. கைப்பைக்குள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் அதில் குறை.

எடையைப் பற்றி ரொம்பவும் அலட்டிக்கொள்ள வேண்டாம், 1994-ல் ஐபிஎம் சைமன் போன் அரைக் கிலோ இருந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். 1996-ல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டரும் ஏறக்குறைய 400 கிராம். அவற்றோடு ஒப்பிட்டால் நம்முடையது இலவம் பஞ்சு. ஆனால் பையில் கிடந்து இழுப்பது சைமன் இல்லை, இதுதான்.

21.03.2001

திங்களும் செவ்வாயும் எங்களுக்கும் மின்சாரம் போனது. ஜனவரியில் வந்தது போலவே முறை வைத்து நிறுத்தினார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கில் கரண்ட் கட் என்று மதுரையில் அப்பாவிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்.

இருட்டில் உட்கார்ந்து பேட்டரிக் கணக்கு போட்டேன். வைசருக்கு இரண்டு டிரிப்பிள்-ஏ பேட்டரி. மாட்யூலுக்குத் தனியாக சார்ஜ் ஏற்றும் பேட்டரி. மொத்தம் இரண்டு உயிர். மாட்யூலின் சார்ஜ் தீர்ந்தால் போன் போய்விடும், நாட்குறிப்பு மட்டும் இருக்கும். அது நியாயம். ஆனால் வைசரின் டிரிப்பிள்-ஏ தீர்ந்தால், மாட்யூலில் முழு சார்ஜ் இருந்தாலும் பேச முடியாது. எண்ணை அழுத்தத் திரை வேண்டுமே. இரட்டை மாட்டு வண்டி போல, எந்த மாடு படுத்தாலும் வண்டி நின்றுவிடும். தனித்தனியாக இருந்தால் ஒன்று படுத்தாலும் மற்றது நடக்கும்.

டிரிப்பிள்-ஏ எங்கும் கிடைக்கும், மூலைக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது வைசரின் பெரிய பலம். ஆனால் மாற்றும்போது ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். செவ்வாய் சாயங்காலம் இருட்டில் நான் மாற்றும்போது ஒரு பேட்டரி சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது. 340 பெயரும் போயின. ஹாட்சிங்க் செய்து, அதாவது கணினியில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்ததால் மறுநாள் கணினியிலிருந்து திரும்ப வந்தன. அதுவரை யாருடைய எண்ணும் எனக்குத் தெரியாது. என் மனைவியின் எண்ணே தெரியாது. அது என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

22.03.2001

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மாட்யூல் போட்ட பிறகு டிரிப்பிள்-ஏ சீக்கிரம் தீர்கிறது என்று எழுத நினைத்து விட்டுவிட்டேன். முன்பு எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். இப்போது மூன்று வாரம்தான். நான் அதிகம் பேசுகிறேன், உங்களுக்கு வேறுபடலாம்.

08.04.2001

மாட்யூலைப் பற்றி இன்னொரு சங்கதி. வைசருக்கு ஒரு ஸ்பிரிங்போர்டு துளைதான். அதில் போன் இருந்தால் வேறொன்றும் செருக முடியாது. எனக்கு ஐமாட்யூல் கேமரா மீது ஆசை. போனைக் கழற்றி கேமராவைப் போட்டால் படம் எடுக்கும் நேரத்தில் யாரும் நம்மைக் கூப்பிட முடியாது. கழற்றினால் போன் செயலியும் திரையிலிருந்து மறைந்துவிடும், அது மாட்யூலுக்குள்ளேயே இருப்பதால். செருகியதும் தானாக வந்து நிற்கும். அந்த வேலைப்பாடு அழகு, நிஜமாகவே ரசிக்கிறேன். ஆனால் போன் என்பது கழற்றி வைக்கிற பொருள் இல்லை.

இணையமும் கேட்டிருந்தீர்கள். பிளேசர் உலாவியில் பக்கம் வரும். 9.6 கேபிபிஎஸ், அதுவும் பேச்சு நிமிடங்களிலேயே கழியும். மின்னஞ்சலை எட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

15.04.2001

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டார். சொல்கிறேன். நவம்பரில் எங்களுக்குக் குழந்தை. என் மனைவி கூப்பிட்டால் அந்த மணி எனக்குக் கேட்க வேண்டும். நான் பேச வேண்டும். டாக்டர் ஏதாவது சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் வேறு ஆள் இல்லை.

அதனால் இன்று ஒரு காரியம் செய்தேன். எங்கள் செல்போன் கம்பெனி இணைப்பிலேயே இருந்த ஒரு பழைய நோக்கியா 5190-ஐ நண்பரிடம் 30 டாலருக்கு வாங்கினேன். ஜிஎஸ்எம்மின் அருமை சிம் அட்டையில் இருக்கிறது. வைசர்போனிலிருந்து சிம்மைக் கழற்றி நோக்கியாவில் போட்டால் என் எண் நோக்கியாவுக்குப் போய்விடுகிறது. வார நாட்களில் வைசர்போன், சனி ஞாயிறு நோக்கியா. இரண்டில் ஒன்றுதான் என்று இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம், மூன்றாவதாக இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. சிடிஎம்ஏ வைத்திருப்பவர்களுக்கு இது நடக்காது.

வேறு கம்பெனி விற்ற போன் என்றால் பூட்டி வைத்திருப்பார்கள், உங்கள் சிம்மை ஏற்காது. வாங்குவதற்கு முன் கடையிலேயே சிம்மைப் போட்டுப் பாருங்கள்.

ஃப்ரீமான்ட் நண்பர் வேலை போய்விட்டதாக எழுதியிருக்கிறார். மனது கஷ்டமாக இருக்கிறது. போன் எங்கும் போய்விடாது, முதலில் வேலையைப் பாருங்கள். எங்கள் ஆபீசில் ஆள் எடுத்தால் சொல்கிறேன்.

02.05.2001

சான் டியாகோவில் சிடிஎம்ஏ வேலை செய்யும் நண்பர் கியோசெரா 6035 வாங்கி வந்து காட்டினார். போனுக்குள்ளேயே பாம். முகப்பில் எண் பலகை, அதைத் திறந்தால் அடியில் முழுத் திரை. 1999-ல் குவால்காம் விட்ட பிடிக்யூ-வின் தம்பி. 200 கிராம் இருக்கும். என் சேர்க்கையை விடக் குறைவு. மூடியிருக்கும்போது அது போன், பார்த்த உடனே யாருக்கும் எண்ணை அழுத்தத் தெரியும். என் வைசர்போனைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் காது என்று கேட்கிறார்கள். இந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முகவரி எழுதும் பிரச்சினை அதிலும் அப்படியே இருக்கிறது. கேட்டேன், அவரும் உள்ளங்கையைக் காட்டினார்.

19.06.2001

மதுரையிலிருந்து எழுதுகிறேன். வைசர்போன் இங்கே வெறும் சுமை. நம் ஊரில் ஜிஎஸ்எம்தான், ஆனால் 900. என் மாட்யூலுக்கு 1900 மட்டும்தான் தெரியும். 1995-லேயே செல்போன் வந்த சென்னையில் இறங்கியதும் திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. ஐரோப்பாவுக்கு 900-ல் வேலை செய்யும் மாட்யூல் தனியாக இருக்கிறதாம். அதை வாங்கினால் கலிஃபோர்னியாவில் சுமை. கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். வைசர் மட்டும் சட்டைப்பைக்குத் திரும்பியது, பழைய நண்பனைப் பார்த்தது போல இருந்தது.

முகவரிப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல மறந்திருக்கிறேன். நம் ஆட்களுக்கு லாஸ்ட் நேம் கிடையாது. அப்பா பெயரை அங்கே போட்டால் ஒரே வீட்டு அண்ணன் தம்பி எல்லாம் ஒரே பெயரில் குவிகிறார்கள், யார் எண் என்று தேட நேரமாகிறது. நான் செய்திருப்பது இது. கம்பெனி என்ற இடத்தில் ஊரை எழுதுகிறேன். வரிசையை 'கம்பெனி, லாஸ்ட் நேம்' என்று மாற்றிவிட்டேன். இப்போது மதுரை மாமாக்கள் ஓரிடத்தில், திருச்சி சித்தி வீட்டார் ஓரிடத்தில், நியூ ஜெர்சி மச்சான் ஓரிடத்தில். ஊருக்கு வந்தால் அந்த ஊரைத் திறந்தால் போதும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே வைசரை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

21.06.2001

அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி. ஒரு வங்கி வருடப் பிறப்புக்குக் கொடுத்தது. கடைசிப் பக்கங்களில் எண்கள். வருடா வருடம் டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து புது டைரிக்கு எல்லாவற்றையும் தன் கையால் எழுதுவார். இறந்தவர்களை எழுத மாட்டார்.

போன் வந்தது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையில் டைரியை விரித்து, வலது கையால் எழுதிக்கொண்டே பேசினார். யாரோ ஒரு கல்யாணத் தேதி கேட்கிறார். பக்கத்தைத் திருப்பி, "அன்னிக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்கிறார். ஒரு நிமிடம் கூட யாரையும் காக்க வைக்கவில்லை.

நான் பிப்ரவரியிலிருந்து சொல்ல வந்து சரியாகச் சொல்லாதது இதுதான். எடை, விலை, பேட்டரி எல்லாம் அப்புறம். பேசும்போதுதான் நாட்குறிப்பு அதிகம் தேவைப்படுகிறது. 'செவ்வாய் வரலாமா', 'அவர் எண் என்ன', 'எழுதிக்கொள்' என்பதெல்லாம் பேச்சின் நடுவில் வருகின்றன. அந்த நேரத்தில் நாட்குறிப்பு காதோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டையும் ஒன்றாக்கியதில் என்ன பயன்? வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்து பாருங்கள். நண்பரை உங்களைக் கூப்பிடச் சொல்லி, பேசிக்கொண்டே அவர் சொல்லும் முகவரியை எழுதுங்கள்.

23.06.2001

யாழ்ப்பாண நண்பர் நியாயமான மறுப்பு ஒன்று அனுப்பியிருக்கிறார். "ஹெட்செட் போட்டால் உமது அப்பாவை விட வேகமாக நீர் செய்வீர். தோளில் இடுக்குகிற வேலையைத்தானே அது செய்கிறது?" என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஹெட்செட்டோடு வைசர்போன், என் அப்பாவின் முறைக்குச் சமம், தேடும் வேகத்தில் மேல். கயிறு இல்லாத ஹெட்செட் வந்து, அது காதில் இருப்பதே தெரியாத நாள் வந்தால் என் வாதம் விழுந்துவிடும். இன்றைக்கு அது இல்லை.

18.09.2001

ஒரு வாரமாக இதை எழுதலாமா என்று யோசித்தேன்.

11-ம் தேதி காலை ஆறரைக்கு வீட்டு போன் அடித்தது. டிவியைப் போடச் சொன்னார்கள். என் மனைவியின் அண்ணன் நியூ ஜெர்சியில் இருக்கிறார், மன்ஹாட்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர். நான் வைசர்போனில் அவருடைய செல்லுக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி. அவள் வீட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்க ஆபீஸ் நம்பர் சொல்லுங்க, பக்கத்து வீட்டு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எண்கள் எல்லாம் நான் காதில் வைத்திருந்த பொருளுக்குள் இருந்தன. ஹெட்செட் ஆபீசில். காதிலிருந்து எடுத்துத் தேடினால் இந்த முறை கிடைத்திருக்குமோ என்ற பயம். எடுக்காவிட்டால் அவளால் கூப்பிட முடியாது.

கடைசியில் நான் பேசுவதை நிறுத்தினேன். மாட்யூலைக் கழற்றி வைத்துவிட்டு வைசரைப் பார்த்து எண்களை வாசித்தேன், அவள் வீட்டு போனில் போட்டாள். பத்தரை மணிக்கு அவரே கூப்பிட்டார். அன்று தாமதமாகக் கிளம்பியிருக்கிறார், ரயில் ஏறவில்லை. நல்லபடியாக இருக்கிறார்.

அன்று எந்தப் போனிலும் நியூயார்க் பக்கம் எளிதாகக் கிடைக்கவில்லை, அது பொருளின் குற்றம் அல்ல. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். அன்று இரவே சிம்மை நோக்கியாவுக்கு மாற்றினேன். முக்கியமான 20 எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டு போனுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அப்பாவைப் போலக் கையால்தான்.

20.10.2001

ஹேண்ட்ஸ்பிரிங் இந்த மாதம் டிரியோ என்று ஒன்றை அறிவித்திருக்கிறது. போன், பாம் இரண்டும் ஒரே உடலில். விசைப்பலகை உண்டு, மேலே திறந்து மூடும் மூடி, ஸ்பிரிங்போர்டு துளை கிடையாது. 16 எம்பி. ஜிஎஸ்எம் 900-மும் 1900-மும். அதாவது சன்னிவேலிலும் பேசும், மதுரையிலும் பேசும். எடை வைசர் ஒன்றுக்கு இருக்கும் அளவே. உள்ளே சார்ஜ் ஏற்றும் பேட்டரி ஒன்றே ஒன்று. அதனால் இரட்டை மாட்டுப் பிரச்சினை போய்விடும். ஆனால் மூலைக்கடை டிரிப்பிள்-ஏ உதவாது, சார்ஜ் தீர்ந்தால் போனும் நாட்குறிப்பும் சேர்ந்தே போய்விடும்.

செருகும் போன் பாதி வழிதான் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்காக வைசர்போனை மட்டமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையைத் தொட்டுக் கூப்பிடுவது, வந்த அழைப்பில் பெயர் தெரிவது எல்லாம் நான் அதில்தான் பழகினேன். நோக்கியாவில் எண்ணை அழுத்தும்போது இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

26.11.2001

பெண் குழந்தை. இருவரும் நலம். வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி.

கேட்டவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். இரவு ஒன்றேகாலுக்கு வலி. இடது கையில் நோக்கியா, மருத்துவமனை நர்ஸ் பேசுகிறார். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்கிறார். மடியில் வைசர். வலி வந்த நேரங்களை ஸ்டைலஸால் எழுதி வைத்திருந்தேன். 1:15, 1:27, 1:38, 1:46. பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சொன்னதை அதற்குக் கீழேயே எழுதினேன். "கிளம்பி வாங்க" என்றார். அந்தக் குறிப்பை நான் அழிக்கவில்லை, ஹாட்சிங்க் செய்து கணினியிலும் வைத்திருக்கிறேன்.

24.02.2002

ஃப்ரீமான்ட் நண்பருக்கு வேலை கிடைத்திருக்கிறது. ரொம்ப சந்தோஷம். ஒரு வருடம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டிருக்கிறார், இப்போது டிரியோவையும் சேர்த்து.

டிரியோ 180-ஐப் போன வாரம் கடையில் பார்த்தேன். இணைப்போடு 399 டாலர். மூடியைத் திறந்து காதில் வைத்தேன். போன் போலவே இருக்கிறது, எந்தப் பக்கம் காது என்று கேட்க வேண்டியதில்லை. என் மனைவியைக் கடைக்கு வெளியே நிறுத்தி, கூப்பிட்டு ஒரு முகவரியைச் சொல்லச் சொன்னேன். காதிலிருந்து எடுத்து, விசைப்பலகையில் இரண்டு கட்டைவிரலால் தட்டி, மறுபடி காதில் வைத்தேன். வைசர்போனை விட வேகம். அப்படியும் கதவு எண்ணை இரண்டு முறை கேட்டேன்.

நான் வாங்கவில்லை. எனக்கு நோக்கியாவும் வைசரும் போதும். நீங்கள் ஊருக்கு அடிக்கடி போகிறவர் என்றால் டிரியோவைப் பாருங்கள், 900 இருப்பது பெரிய விஷயம். ஆபீசில் மேசைக்கு முன் உட்கார்ந்து ஹெட்செட்டோடு பேசுகிற வேலை என்றால் வைசர்போனே போதும், உங்களிடம் வைசர் டீலக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது.

என்னுடைய மாட்யூல் செப்டம்பரிலிருந்து பெட்டியில் சும்மா கிடக்கிறது. வரும் சனிக்கிழமை ஃப்ரீமான்ட் கோயிலுக்குக் குழந்தையைக் கூட்டி வருகிறோம். கொண்டு வருகிறேன், இரண்டு வாரம் வைத்திருந்து பாருங்கள். சார்ஜரும் ஹெட்செட்டும் பெட்டியிலேயே இருக்கின்றன. டிரிப்பிள்-ஏ மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், வெளிச்சத்தில்.